படைத்தொழில் முடிந்தபின்

தஞ்சை வளநாட்டில் காவிரி பல ஆறுகளாகவும், அவ்வாறுகள் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களை அடைகின்றன. மேட்டூரிலிருந்து விடப்பட்ட தண்ணீர் கல்லணையைக் கடந்ததும், மதகுகளின் பலகைகளை ஏற்றியும் இறக்கியும், கரையில் உடைப்பு நேராதவாறு இரவிலும் சுற்றிப் பார்த்தும், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என அளந்து விடும் கடைநிலை ஊழியர் ஒருவர் உண்டு. உழவர் அவரை ‘லஸ்கர்’ என்று அழைப்பர். இச்சொல் தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. ‘லஷ்கர்’ என்பது பாரசீக மொழியில் படையைக் குறிக்கும். படையைச் சார்ந்தவன் என்னும் பொருளில் அச்சொல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வழக்கிற் புகுந்தது. பீரங்கி வண்டியைத் தள்ளியவரும், கூடாரம் அடித்தவரும், கப்பலில் பாய்மரம் ஏற்றியவரும் லஸ்கர் எனப்பட்டனர். நாளடைவில் அச்சொல் பாசறையை விட்டு ஆற்றங்கரைக்கு வந்து மதகின் சாவியைக் கையிற் பிடித்துக்கொண்டது.

சொல் எளிதில் தொழில் மாறிவிடும். மனிதன் அத்துணை எளிதில் மாற இயலாது.

படையிற் சேரும் இளைஞன் பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில் வீட்டை விட்டுச் செல்கிறான். படைத்தொழில் உடல் வலிமையை வேண்டுவது. ஆதலின் சிப்பாய் ஒருவன் பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளுக்குள் விடை பெற்றுத் திரும்புகிறான். இந்தியப் படைகளிலிருந்து ஆண்டுதோறும் இவ்வாறு விடுபடுவோர் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் 35 வயதிற்கும் 45 வயதிற்கும் இடைப்பட்டவர். அதே வயதில் ஓர் எழுத்தர் தம் அலுவலகத்தில் பதவி உயர்வை எதிர்நோக்கி இருப்பார். ஓர் ஆசிரியர் தம் பணியின் நடுப்பகுதியில் இருப்பார். படைவீரரோ மீண்டும் முதற்படியில் நிற்கிறார். பிள்ளைகள் பள்ளியிற் படித்துக்கொண்டிருப்பர். பெற்றோர் முதுமை எய்தியிருப்பர். கிடைக்கும் ஓய்வூதியம் குடும்பத்தைத் தாங்கத் துணை செய்யுமேயன்றி முழுதும் தாங்காது. இந்நிலையில் அவர் செய்யத்தக்க தொழில் யாது? அத்தொழிலுக்கு அவரைக் கொண்டு சேர்ப்பவர் யாவர்? இவ்வினாக்கள் புதியன அல்ல. காவிரி பாயும் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவற்றிற்கு ஒருவகை விடை கண்டிருந்தனர்.

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்டான். அவன் படை மிகப் பெரியது. பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில் பெருந்தனத்து ஆனையாட்கள், தெரிந்த கைக்கோளர், தெரிந்த வில்லிகள், வலங்கை வேளைக்காரர் எனப் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்கள் காணப்படுகின்றன. போர்க்களத்தின் பெயர்கள் கோயிற் சுவரில் இடம் பெற்றது ஏன்? கோயிலுக்கு விடப்பட்ட பொருளை ஏற்று, அதன் வட்டியைக்கொண்டு வழிபாட்டிற்கு வேண்டிய பண்டங்களை ஆண்டுதோறும் தவறாமல் அளிக்கும் பொறுப்பை அப்படைப்பிரிவுகள் சில மேற்கொண்டிருந்தன. பொருளை நம்பி ஒப்படைக்க வேண்டுமாயின், ஏற்பவரிடம் கணக்கும் ஒழுங்கும் கூட்டுப் பொறுப்பும் இருத்தல் வேண்டும். அவை மூன்றும் படையினரிடம் உள்ளன என அக்காலத்தார் கருதினர் என்பது இதனாற் புலனாகிறது. அக்கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவனும் ஒரு படைத்தலைவனே. மும்முடிச்சோழப் பிரமராயன் எனச் சிறப்புப் பெயர் பெற்ற சேனாபதி கிருஷ்ணன் இராமன் அரசன் ஆணையால் அதனைக் கட்டுவித்தான்.

இவர்கள் படைத்தொழிலை முற்றும் துறந்தவர்கள் எனக் கல்வெட்டுக்கள் கூறவில்லை. போர் ஓய்ந்த காலத்தில் குடிமக்களின் வாழ்வோடு அவர்களைப் பிணைத்த வழிகள் இருந்தன என்பதே அறியத்தக்கது. படைவீரர் குடியிருப்பதற்கென அமைந்த ஊர்கள் படைப்பற்று எனப்பட்டன. கைக்கோளர் வரலாறு இன்னும் சுவை உடையது. சோழர் காலத்தில் அவர்கள் வாளேந்திய படையினராகக் காட்சி தருகின்றனர். பிற்காலக் கல்வெட்டுக்களிலோ அவர்கள் தறியோடும் வாணிகத்தோடும் தொடர்புடையவராக மிகுதியும் குறிக்கப்பெறுகின்றனர். ஒரே கூட்டத்தார் இரு தொழிலையும் அறிந்திருந்தமையால், ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று கைகொடுத்தது போலும். கடல் கடந்த இலங்கையிலும் இதற்குச் சான்று உண்டு. முதலாம் விசயபாகு மன்னன் 1110-ஆம் ஆண்டளவில் மறைந்த பின்னர், பொலன்னறுவையில் புத்தர் பெருமானின் திருப்பல் வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றனர். அதனை அறிவிக்கும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே உள்ளது.

அரசுகள் மாறின. நாயக்கரும் மராத்தியரும் தஞ்சையை ஆண்டு மறைந்தனர். 1799-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் விட்டுக்கொடுத்தார். ஆட்சியை ஏற்ற கம்பெனியார் கண்ட காவிரி நலிந்திருந்தது. அதன் நோயைத் தீர்க்க வந்தவர் போர்க்களத்திலிருந்து வந்த ஓர் இளைஞர்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தவர். சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்து 1821-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்தார். 1824 முதல் 1826 வரை நடைபெற்ற முதற் பர்மியப் போரிற் கலந்துகொண்டார். போரிலிருந்து மீண்ட சில ஆண்டுகளுக்குள் காவிரிப் பாசனத்தை ஆராயும் பணி அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

காவிரியின் நோய் இதுவே. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது; அதன் வழி நேரானது. ஆதலின் வெள்ளம் ஆண்டுதோறும் கொள்ளிடத்தையே மிகுதியும் நாடிற்று. காவிரியிலோ நீர் குறையக் குறைய மணல் மேடிட்டது. மணல் மேடிட மேடிட நீர் இன்னும் குறைந்தது. மண்வெட்டியோடு ஆயிரம் பேர் கூடி ஆண்டுதோறும் தூர் எடுத்தாலும் அடுத்த வெள்ளம் அவ்வுழைப்பை அழித்துவிடும். தஞ்சையின் வயல்கள் தண்ணீருக்கு ஏங்கின.

கொள்ளிடத்தின் தலைப்பிலேயே குறுக்கே ஓர் அணை கட்டி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டன் கூறினார். கேட்டவர் ஐயுற்றனர். அடியிற் பாறை இல்லை. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மணலே. மணலின்மேல் அணை நிற்குமா? நிற்கும் என்பதற்குச் சான்று சில கல் தொலைவிலேயே இருந்தது. கரிகாலன் கட்டியதாகத் தமிழர் போற்றும் கல்லணை, பல நூற்றாண்டு வெள்ளத்தைத் தாங்கி மணலின்மீதே நின்றுகொண்டிருந்தது. கனத்த கற்களை ஆற்றில் இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைபெறும்படி விட்டு, இடையே களிமண் சேர்த்து, மேலே சுண்ணச்சாந்து பூசி முடித்த அதன் கட்டுமானத்தைக் காட்டன் நன்கு ஆராய்ந்தார். ஆழம் காண இயலாத மணலில் அடித்தளம் அமைக்கும் கலையை இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாக அவர் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். படைப்பள்ளியிற் பயின்ற கல்வியோடு நில்லாமல், வந்த இடத்தின் அறிவையும் தேடிப் பெற்றமை அவருடைய பெருமைகளுள் தலையாயது.

1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னும் இடத்தில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பிற்று. கீழணை, கடலுக்கு வீணே செல்ல இருந்த நீரை மறித்து, வீராணம் ஏரிக்கும் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் தஞ்சையின் வடபகுதிக்கும் அளித்தது. மேலணையால் வேறோர் இடரும் விளையாமல் இல்லை. முன்பு நீர் குறைந்து வருந்திய காவிரியில் இப்போது நீர் அளவுக்கு மேற் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்கிற்று. ஆதலின் 1840-ஆம் ஆண்டுகளில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிற் குறுக்கே தளம் அமைக்கவும் நேர்ந்தது. ஆறு, பகைவனைப் போல் ஒருமுறை தோற்று ஓடிவிடுவதன்று. ஒவ்வோர் ஆண்டும் அதனோடு பேச்சு நடத்தியே ஆகவேண்டும்.

காட்டன் பின்னர்க் கோதாவரிக்குச் சென்று, 1847-ஆம் ஆண்டில் தவளேசுவரத்தில் பேரணை ஒன்றைத் தொடங்கி 1852-இல் முடித்தார். படைப் பட்டங்கள் அவரைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. ஆயினும் மக்கள் நினைவில் அவர் தளபதியாக நிற்கவில்லை. தண்ணீர் கொணர்ந்தவராகவே நிற்கிறார். முல்லைப் பெரியாற்று அணையை 1895-ஆம் ஆண்டில் கட்டி முடித்த பென்னிகுவிக்கும், மேட்டூர் அணைக்குத் திட்டம் வகுத்த எல்லிசும் அவரைப் போலவே பொறியாளர் படையைச் சேர்ந்தவர்கள்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. காட்டன் போன்ற அதிகாரிகளுக்குப் பாலம் முன்னரே கட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில் பாசனப் பணிகளும் சாலைப் பணிகளும் பெரும்பாலும் படைப் பொறியாளரிடமே ஒப்படைக்கப்பட்டன. துப்பாக்கியை வைத்துவிட்டு அளவுகோலை எடுக்க அவர்கள் எவரிடமும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அவர்களோடு சென்ற சாதாரணச் சிப்பாய்க்கு அத்தகைய பாலம் இல்லை. கல் அடுக்கவும், பாலம் கட்டவும், வெடி வைத்துப் பாறை பிளக்கவும் அறிந்தவனாயினும், ஊர் திரும்பியபின் அவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வாயிற்காவலோ ஏவலாள் வேலையோதான். அவன் கை கற்றிருந்த தொழிலை எவரும் கேட்டறியவில்லை.

கேட்டறிய வேண்டிய கட்டாயம் இரண்டாம் உலகப் போரின் முடிவில் வந்தது. அப்போர் 1939-ஆம் ஆண்டிற் தொடங்கியபோது சில இலட்சமாக இருந்த இந்தியப் படை, 1945-ஆம் ஆண்டில் 25 இலட்சமாகப் பெருகியிருந்தது. சென்னை மாகாணத்திலிருந்தும் பெருந்தொகையினர் சேர்ந்தனர். எல் அலமெயின் மணற்காட்டிலும், இத்தாலியின் மலைகளிலும், இம்பால், கொகிமா ஆகிய எல்லைப்புறங்களிலும் அப்படை போரிட்டது. இக்காலப் போர் பழைய போரன்று. துப்பாக்கி பிடித்தவர் அளவிற்கு லாரி ஓட்டியவரும், எந்திரம் பழுது பார்த்தவரும், கம்பியில்லாத் தந்தி இயக்கியவரும், மருத்துவமனையிற் பணி புரிந்தவரும், பண்டகசாலைக் கணக்கு எழுதியவரும் அதற்குத் தேவைப்பட்டனர். ஏர் ஒன்றையே எந்திரமாக அறிந்திருந்த சிற்றூர் இளைஞர் பலர், நான்கைந்து ஆண்டுகளில் இத்தொழில்களைக் கற்றனர்.

போர் முடிந்தது, இலட்சக்கணக்கானோர் ஒருசேர விடுவிக்கப்பட்டனர். அவர்கள் திரும்பிய காலம் நல்ல காலமன்று. 1942-ஆம் ஆண்டில் பர்மா பகைவர் கைப்பட்டதால் அரிசி வரவு நின்று, மாகாணம் முழுவதும் உணவுத் தட்டுப்பாடும் பங்கீடும் நிலவின. தஞ்சையில் நிலம் பெரும்பாலும் மிராசுதார் கையில் இருந்தது. உழைத்தவர் குத்தகைக்காரராகவும் பண்ணையாளராகவும் இருந்தனர். பண்ணையாட் குடும்பத்தில் தோன்றிப் படைக்குச் சென்ற ஒருவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சீருடை அணிந்து, மாதந்தோறும் சம்பளம் பெற்று, பிற நாட்டாரோடு சமமாக ஒரே பந்தியில் உண்டு, எந்திர வண்டியைத் தன் கையால் இயக்கியவன் அவன். ஊருக்குத் திரும்பிய மறுநாள் மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு பண்ணை வீட்டின் முற்றத்தில் கூலிக்கு நிற்க வேண்டும் என்றால், அவன் இழப்பது சம்பளம் மட்டும் அன்று. தஞ்சை மாவட்டத்துக் குத்தகைக்காரரையும் பண்ணையாளரையும் பாதுகாக்கும் சட்டம் 1952-ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இவ்விடரை முன்னுணர்ந்த அரசினர், 1945-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்பிற்கும் உரிய தலைமை இயக்ககம் ஒன்றை நிறுவினர். அதன் கீழ் நாடெங்கும் வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. வேலை வேண்டுவோர் தம் பெயரையும் தகுதியையும் அங்கே பதிவர். ஆள் வேண்டுவோர் தம் தேவையை அங்கே அறிவிப்பர். இரண்டையும் பொருத்துவது நிலையத்தின் கடமை. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இம்முறை, அந்நாளில் இந்நாட்டிற்குப் புதிது. அதுவரை வேலை என்பது உறவினர் சொல்லாலும் பெரியமனிதர் சிபாரிசாலும் கிடைப்பதாகவே இருந்தது. சிபாரிசு செய்ய எவரும் இல்லாத சிப்பாய்க்கு, ‘நீ என்ன வேலை தெரிந்தவன்?’ என்று முதன்முதலாகக் கேட்ட அலுவலகம் அதுவே.

முதலில் விடுபட்ட படைவீரர்க்கும் போர்த்தொழிலாளர்க்கும் என்றே அமைந்த அந்நிலையங்கள், 1948-ஆம் ஆண்டில் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவற்றின் நிர்வாகம் மாநில அரசுகளிடம் வந்தது. தமிழ்நாட்டில் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்ற மாணவர் பல தலைமுறையாக ஓடிச் சென்று பெயர் பதிந்துகொள்ளும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், இவ்வாறு படைவீரர்க்கு என்று தோன்றியதே ஆகும். தொழிற்பயிற்சியின் வரலாறும் இதனை ஒத்ததே. விடுபட்ட வீரர்க்குத் தச்சு, கடைசல், மின்தொழில் முதலியன கற்பிக்க அந்த இயக்ககம் அமைத்த பயிற்சி முறை பின்னர்ப் பொதுமக்களுக்கும் விரிந்தது. 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் பரவின. ஒரு சிலருக்காக வெட்டிய கிணறு ஊர் முழுவதற்கும் உதவியது.

வேறு முயற்சிகளும் நடைபெற்றன. சென்னை மாகாணத்தில் முன்னாள் படைவீரர் ஒன்றுகூடி மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். போரில் லாரி ஓட்டிய கைகள் ஊர்ச் சாலையிற் பேருந்து ஓட்டின. எந்திரத்தைப் பழுது பார்த்தவரே பங்குதாரராகவும் இருந்தனர். நிலம் வேண்டியவர்க்கு, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வயனாட்டுக் காட்டுப் பகுதியில் குடியேற்றத் திட்டம் வகுக்கப்பட்டது. இவ்விரண்டனுள் முன்னையதே இயல்பானது எனலாம். அறிந்த தொழிலைத் தொடர்வது எளிது. காட்டையும் காய்ச்சலையும் எதிர்த்துப் புதிய மண்ணிற் குடியேறுவது மற்றுமொரு போரே.

இவ்வேற்பாடுகள் எல்லாம் எட்டாத ஒரு கூட்டமும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர் பலர். 1943-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேதாசி சுபாசு சந்திரபோசு இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, அவர்களுள் ஆடவரும் பெண்டிரும் அப்படையிற் சேர்ந்தனர். போர் முடிந்தபின் தாயகம் மீண்டவர்கள் கையில் எந்த அரசின் விடுவிப்புப் பத்திரமும் இல்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அப்படையினர் இந்தியப் படையிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மக்கள் அவர்களை மாலையிட்டு வரவேற்றனர். மாலை வாடிய மறுநாள் அவர்கள் வேலை தேடிப் புறப்பட்டனர். விடுதலைப் போராட்ட வீரர்க்கு நடுவணரசின் ஓய்வூதியத் திட்டம் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்து 27 ஆண்டுகள் அதற்குள் கடந்திருந்தன.

படையிலிருந்து திரும்பிய உழவர் மகன் உழவுக்கே திரும்பினால் என்ன எனச் சிலர் வினவலாம். தஞ்சையில் இவ்வாறு திரும்பியோர் உண்டு. ஆயினும் நெற்பயிர்த்தொழில் பிறவியிலேயே வந்துவிடும் அறிவன்று. நாற்றங்காலில் விதை தெளிக்கும் பதம், நாற்றின் வயது, குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் உள்ள வேறுபாடு, ஒவ்வொரு வயலின் மேடு பள்ளம், களர்நிலம் எது, கடைமடையில் தண்ணீர் எத்தனை நாள் கழித்து வரும் என்பன எல்லாம் ஆண்டுதோறும் சேற்றில் நின்று அறிய வேண்டியவை. பதினெட்டு வயதிற் சென்று முப்பத்தைந்து வயதில் வருபவர், அவ்வறிவு முதிரும் பதினேழு ஆண்டுகளையும் வெளியே கழித்தவர். அவர் தம்பி ஐந்து நாளில் முடிக்கும் வேலைக்கு அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை.

அவர் கொண்டுவருவன வேறு. பழுதுற்ற நீரேற்று எந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோயை உரைப்பார். கரையில் உடைப்பு நேர்ந்தால், கூச்சலிடும் கூட்டத்தை மூன்று வரிசையாகப் பிரித்து, ஒருவரிசை மண் வெட்ட, ஒருவரிசை மூட்டை நிரப்ப, ஒருவரிசை கைமாற்றிக் கொடுக்கச் செய்வார். முறைப்பாசனத்தில் தம் முறை நள்ளிரவு இரண்டு மணிக்கு என்றால், இரண்டு மணிக்கு மடையருகே நிற்பார். ஐந்து நிமிடமும் பிறர் முறையைக் கவரமாட்டார். இத்தகையவரை ஊரார் முதலிற் கடுமையானவர் என்பர். சில பருவம் கழிந்தபின் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை அவரிடம் ஒப்படைக்க எண்ணுவர். பெரிய கோயிலின் வட்டிப்பொருளைப் படைப்பிரிவுகளிடம் விட்ட சோழநாட்டார் எண்ணியதும் ஏறக்குறைய இதுவே.

இக்காலத்தில் மறுவாழ்வுக்கென விதிகள் பல உள்ளன. நடுவணரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் நூற்றுக்கு 10 இடமும், தேசிய வங்கிகளின் எழுத்தர் பணியில் நூற்றுக்கு 14.5 இடமும் முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு அரசுப் பணிகள் சிலவற்றில் நூற்றுக்கு 5 இடம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு படைப்பணி ஆற்றியவர், பட்டப்படிப்பு வேண்டும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் தகுதியுடையவராகக் கொள்ளப்படுவர் என 1986-ஆம் ஆண்டில் நடுவணரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு முன்னாள் படைவீரர் கழகம் ஒன்றைத் தொடங்கிற்று. ‘டெக்ஸ்கோ’ எனச் சுருங்க வழங்கும் அக்கழகத்தின் வழியே மின்நிலையங்களிலும் பிற பொது நிறுவனங்களிலும் பல்லாயிரவர் காவற்பணி பெற்றுள்ளனர். ஒவ்வொரு திசம்பர் 7-ஆம் நாளும் பள்ளி மாணவர் உண்டியலில் இடும் கொடிநாள் காசு, 1949-ஆம் ஆண்டு முதல் படைவீரர் குடும்பங்களின் நலனுக்கே சென்று சேர்கின்றது.

விதிகள் நிறைந்திருப்பினும் பழைய குறை ஒன்று முற்றும் நீங்கியபாடில்லை. படையில் எந்திரத் தொழில் அறிந்தவரும், செய்தித் தொடர்பில் தேர்ந்தவரும், செவிலியர் பணி செய்தவரும், ஊர் திரும்பியபின் கையிற் கோலோடு வாயிலிற் காவல் நிற்கக் காண்கிறோம். காவற்பணி இழிந்ததன்று, ஆயினும் பதினேழு ஆண்டு கற்ற தொழில் அங்கே பயன்படுவதில்லை. படை வழங்கிய தொழிற்சான்றின் பெயர் தொழிற்சாலை முதலாளிக்கு விளங்குவதில்லை. முதலாளி கேட்கும் சான்றின் பெயர் சிப்பாய்க்கு விளங்குவதில்லை. இரு மொழி பேசுவோரிடையே துபாசி இல்லாத நிலை போன்றது இது. ஓய்வு பெறுவதற்கு முன்னரே தொழிற்பயிற்சி அளிக்கவும், படைத்தொழிலுக்கு ஒத்த குடிமைத்தொழிலின் சான்று வழங்கவும் மறுவாழ்வு இயக்ககம் முயன்று வருவது இதனாலேயே.

இம்முயற்சி இனி இன்னும் விரைய வேண்டியிருக்கும். 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் அறிவிக்கப்பட்ட அக்கினிபாதைத் திட்டத்தின்படி, படையிற் சேரும் இளைஞர் நான்கு ஆண்டு பணியாற்றுவர். அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிலைப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். எஞ்சியோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் சேவை நிதியுடன் விடை பெறுவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முதல் அணியினர் நான்கு ஆண்டை நிறைவு செய்யும் காலம் 2026-ஆம் ஆண்டின் இறுதியும் 2027-ஆம் ஆண்டின் தொடக்கமும் ஆகும். பதினைந்து ஆண்டுப் பணியைப் பட்டத்திற்கு ஈடாகக் கொள்ளும் விதி அவர்களுக்குப் பொருந்தாது. பாபநாசத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ பதினெட்டு வயதிற் சென்ற ஒருவன் இருபத்திரண்டு வயதில் திரும்பி வருவான். அவனோடு பள்ளியிற் படித்தவர் கல்லூரியை முடித்து ஓரிரு ஆண்டு ஆகியிருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர்கள் பட்டச்சான்றை நீட்டுவர். அவன் நீட்டுவது படையில் நான்கு ஆண்டு கற்ற தொழிலின் சான்று.